வயரை மறைச்சு வைச்சுக் கேளுங்கோ

போன மாதம் நண்பன் ஒருத்தன் ஸ்பீக்கருக்குப் புது வயர் வாங்கினான். விலையைச் சொல்லமாட்டன். அந்தக் காசுக்குப் பழைய மோட்டச்சைக்கிள் ஒண்டுக்கு முற்பணம் கட்டியிருக்கலாம். என்னைக் கூப்பிட்டு, பழைய வயரில ஒரு இளையராஜா பாட்டு, பிறகு புதுசில அதே பாட்டு. "பேஸ் எப்பிடித் திரண்டு வருது பாத்தியா?" எண்டான். எனக்கும் கேட்டது. பொய்யில்லை, உண்மையாவே கேட்டது. பிரச்சினையே அதுதான்.

எது புது வயர் எண்டு எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். இடையில அவன் வொல்யூமையும் தொட்டவன். சத்தம் கொஞ்சம் கூடினால் அது எங்களுக்குச் "சத்தம் கூட" எண்டு விளங்காது, "நல்லாயிருக்கு" எண்டுதான் விளங்கும்.

வயரால வித்தியாசமே வராது எண்டு நான் சொல்ல வரேல்லை. 0.75 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரை 5 மீற்றர் இழுத்தால், போய்வர 10 மீற்றர், தடை 0.2 ஓமைத் தாண்டும். 8 ஓம் ஸ்பீக்கரில கிட்டத்தட்ட கால் டெசிபல் போயிடும். 2.5 வயர் போட்டால் அந்த இழப்பு மூன்றில ஒண்டுக்கும் கீழ. இது மொத்தத்தின்ர வேலை, விலையின்ர வேலை இல்லை. நண்பன்ர பழைய வயரும் 2.5 தான்.

அடுத்த ஞாயிறு திரும்பச் செய்தம். ஸ்பீக்கர் முனையில வோல்ற்றேஜ் அளந்து, இரண்டுக்கும் வித்தியாசம் 1 வீதத்துக்குள்ள எண்டு பாத்தம். மாற்றுச் சுவிச் ஒண்டைப் பூட்டி அடுத்த அறையில அவன்ர தங்கச்சியை இருத்தினம். எங்களுக்கு முன்னால நிண்டு மாத்தினால் அவளின்ர முகமே காட்டிக் குடுத்திடும். அவள் காசு சுண்டிப் பாத்து வயரைத் தெரிவு செய்வாள், நாங்கள் கடதாசியில எழுதுவம். 10 தரம். சும்மா ஊகிச்சே 9 சரியா வாற வாய்ப்பு நூறில ஒண்டுதான்.

அவனுக்கு 6. எனக்கு 4.

இதால வித்தியாசமே இல்லை எண்டு நிரூபணமாகாது, 10 தரம் அதுக்குக் காணாது. ஆனால் "இரவும் பகலும் மாதிரி" எண்டு அவன் சொன்ன வித்தியாசம் அங்க இல்லை. 2007 இல ஜேம்ஸ் ராண்டி, 7,250 டொலர் ஸ்பீக்கர் வயரைச் சாதாரண வயரில இருந்து கேட்டுப் பிரிச்சுக் காட்டினால் 10 இலட்சம் டொலர் தாறன் எண்டார். அந்தச் சோதனை கடைசி வரை நடக்கேல்லை.

"பரீட்சை மாதிரி இருந்தால் காது வேலை செய்யாது, ஆறுதலாக் கேக்கவேணும்" எண்டான் நண்பன். நியாயமான கதை. ஆனால் மறைச்சுக் கேக்கிறதெண்டால் அவசரமாக் கேக்கவேணும் எண்டில்லை. தங்கச்சி ஒரு வயரைத் துணி சுத்திப் பூட்டட்டும், ஒரு கிழமை கேள், பிறகு சொல். இப்பிடிப் பத்துக் கிழமை.

இன்னும் ஓமெண்டு சொல்லேல்லை. வயரைத் திருப்பிக் குடுக்கக் கடைக்காரன் தந்த தவணை இந்த வெள்ளியோட முடியுது.