தொழிலாளரின் பெயரால்

2024 மார்ச்சில் மறைந்த அமெரிக்கச் சிற்பி றிச்சார்ட் செரா, மினிமலிசத்தை அடுத்து எழுந்த தலைமுறையின் முதன்மைக் கலைஞர். அவரைப் போற்றுவோர் தவறாது கூறும் செய்தி ஒன்றுண்டு. தந்தையார் கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்தவர். மாணவராயிருந்த காலத்தில் செராவும் உருக்காலைகளில் உழைத்தவர். ஆகவே அவரது உருக்குச் சிற்பங்கள் தொழிலாளர் கலையாம்!

உருக்கைத் தொட்டதனாலேயே கலை உழைப்பாளியின் பக்கம் சேர்ந்துவிடுமா? 1971 இல், மினியாபொலிஸ் நகரின் வோக்கர் கலை நிலையத்தில் அவரது சிற்பமொன்றை நிறுவுகையில் பெருந்தகடு சரிந்து தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். வழக்கில் செரா மீது குற்றம் காணப்படவில்லை; அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் பாரம், சமநிலை, ஈர்ப்பு என்று பக்கம் பக்கமாக எழுதும் விமர்சகர்கள், அப்பாரத்தைத் தூக்கியவர்களைப் பற்றி எத்தனை வரி எழுதினர்?

மறுகோடியில் நிற்போரும் உளர். செராவின் 'சாய்ந்த வளைவு' அகற்றப்பட்டதை மக்களின் வெற்றி என்பர், முற்போக்காளருட் சிலர். நடந்தது யாது?

1981 இல், நியூயோர்க்கின் பெடரல் பிளாசாச் சதுக்கத்தின் குறுக்கே, அரசாங்கப் பணத்தில், 120 அடி நீளமும் 12 அடி உயரமுமான துருவேறிய உருக்குச் சுவர் ஒன்று எழுந்தது. சுற்றியிருந்த அரசாங்கக் காரியாலயங்களின் ஊழியரை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நண்பகலில் ஆறியிருக்க வந்த லிகிதர்கள் சுவரைச் சுற்றி நடக்க வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 1,300 பேர் கையொப்பமிட்டு முறையிட்டனர். அம்முறையீடு நியாயமானதே.

1985 இல் பகிரங்க விசாரணை நடைபெற்றது. சாட்சியமளித்த 180 பேரில் 122 பேர் சிற்பம் இருக்கவேண்டும் என்றனர். 58 பேரே எதிர்த்தனர். எனினும் விசாரணைக் குழு 4க்கு 1 என அகற்றவே முடிவு செய்தது. ஆதரித்தோரிற் பலர் கலையுலகத்தினர் என்பது மெய். ஆயின், திடீரென்று ஊழியர் குரலுக்குச் செவிசாய்த்த அரசு எது? றீகனின் அரசு! சிற்பம் எழுந்த அதே 1981 இல், வேலைநிறுத்தம் செய்த 11,000க்கும் மேற்பட்ட விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரை வேலைநீக்கம் செய்த அரசு. ஊழியர் சம்பளத்தையும் வேலைநேரத்தையும் பற்றிப் பேசினால் சட்டவிரோதம். சிற்பத்தைப் பற்றிப் பேசினால் மக்கள் குரல்!

இடம் பெயர்த்தால் படைப்பே அழியும் என்று செரா தொடுத்த வழக்குத் தோற்றது. 1989 மார்ச் 15 இரவு, சுவர் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுக் களஞ்சியம் சென்றது. 1979 இல் அச்சிற்பத்தைச் செய்யுமாறு பணித்தபோதே சிற்பியையும் அந்த ஊழியரையும் ஒரு மேசையில் அமர்த்தியிருக்கலாம். ஏன் அமர்த்தவில்லை என்று, வெற்றி முழக்கமிடும் நண்பர்கள் இன்றுவரை கேட்டாரில்லை.