மாநகரும் மிதிவண்டியும்

சென்னைக்கும் மின்சார இரயிலுக்கும் உள்ள உறவு பழையது. 1931ஆம் ஆண்டிலேயே கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே அது ஓடத் தொடங்கிவிட்டது. 1995இல் பறக்கும் இரயிலும் 2015இல் மெட்ரோ இரயிலும் வந்து சேர்ந்தன. பேருந்துகளோ தெருத்தோறும் தென்படுகின்றன. இத்தகைய ஊரில் ஒருவர் கோடையென்றும் மாரியென்றும் பாராது ஆண்டு முழுவதும் மிதிவண்டியிலேயே வந்து போவாராயின், ஒன்று அவர் வறியவர், அன்றேல் பிடிவாதக்காரர் என்பதே பெரும்பாலோர் தீர்ப்பு. அத்தீர்ப்பு பிழையானது என்பது நம் கருத்து. (ஈருருளி என்றெழுதும் அன்பர்கள் தமிழ்த்துறைகளில் உளர், அவர்கள் பொறுத்தருள்க.)

ஐப்பசித் திங்கள் ஒன்றில், முதற்பாடவேளை தொடங்கிச் சிறிது நேரம் கழித்து மாணவர் ஒருவர் வகுப்பு வாயிலில் நீர் சொட்டச் சொட்ட நின்றார். பிளாஸ்டிக் பையில் சுற்றிய புத்தகங்கள் மட்டும் நனையாதிருந்தன. "பேருந்தில் வந்திருக்கலாகாதா, தம்பி?" என்று வினவினோம். "இரண்டு பேருந்து மாற வேண்டும், ஐயா. முதல் பேருந்து வந்துவிடும். இரண்டாவது எப்போது வருமென்று சொல்ல முடியாது. மாலையில் கடையில் வேலை. கடை சாத்தப் பதினொரு மணியாகும். அதற்குமேல் பேருந்தை நம்பி நிற்க முடியுமா?" என்றார். வினவிய நாமோ அன்று மகிழுந்தில் வந்திருந்தோம்.

அம்மாணவர் சொன்னதில் ஒரு நுட்பம் உண்டு. பேருந்தும் இரயிலும் பெருவழிக்குரியவை. வீட்டிலிருந்து பெருவழி வரையிலும், நேரமல்லாத நேரத்திலும் மனிதனுக்குத் துணை தன் கால்களே. நடப்பவர் பத்து நிமிடத்தில் ஏறத்தாழ 800 மீட்டர் கடப்பார். மிதிவண்டியில் நிதானமாகச் செல்பவரும் அதே நேரத்தில் 2.4 கிலோமீட்டர் சென்றுவிடுவார். தொலைவு மும்மடங்கே. ஆயின் இரயில் நிலையத்தை நடுவாக வைத்து இரு வட்டங்கள் வரைந்து பார்த்தால், பெரிய வட்டத்தின் பரப்பு சிறியதைப்போல் ஒன்பது மடங்காகும். புதிதாக ஒரு நிலையமும் கட்டாமலேயே ஒன்பது மடங்கு நிலப்பரப்பில் வாழும் மக்களுக்கு இரயிலை அண்மையாக்கும் ஆற்றல் இவ்வெளிய வண்டிக்கு உண்டு. பரங்கிமலை போன்ற சில மேடுகளும் மேம்பாலங்களும் நீங்கலாகச் சென்னை சமநிலம் என்பதும் ஈண்டு கருதத்தக்கது. எனினும் நிலையங்களின் நிறுத்தகங்களில் மோட்டார் வண்டிகளே முன்வரிசையை நிறைத்து நிற்க, மிதிவண்டிகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடக்கின்றன. 'சைக்கிள் ஸ்டாண்டு' என்ற பழம்பெயர் மட்டும் மக்கள் நாவில் நிற்கிறது!

பருவங்களைச் சொல்லி அஞ்சுவோர் பலர். ஆண்டு முழுவதும் மிதிப்பவருக்கோ ஊரின் காற்றும் வெயிலும் மனப்பாடம். ஆனி, ஆடியில் காலையில் மேல்காற்று வீசும். பிற்பகலில் கடற்காற்று எழும். அம்பத்தூர்ப் பக்கமிருந்து கிழக்கே வந்து மாலையில் மேற்கே திரும்புபவருக்கு இருவேளையும் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். கடலோரத்தில் வாழ்ந்து மேற்கே வேலைக்குச் செல்பவருக்கு இருவேளையும் எதிர்க்காற்றுதான். கத்திரி வெயிலில் விடியற்காலைத் தொழுகை முடித்த கையோடு புறப்படுபவர் வெயிலுக்கு முந்திவிடுவார். 2019இல் புனித ரமளானும் கத்திரியும் ஒருங்கே வந்தன. நோன்பிருந்து மிதித்தவர்கள் நிழல் தரும் தெருக்களாகத் தேர்ந்து சென்றதை நாம் கண்டோம். அதில் கடுமை இல்லையென்று சொல்ல மாட்டோம்.

மழைக்காலமே உண்மையான சோதனை. நனைந்த சக்கர விளிம்பில் பிரேக் கட்டை வழுக்கும். ஆதலின் முன்கூட்டியே பிடித்துப் பழக வேண்டும். சங்கிலியின் எண்ணெயை மழைநீர் கழுவிவிடும். கடற்கரை ஊரின் உப்புக்காற்று மறுநாளே துருவேற்றும். தேங்கிய நீருக்கடியில் மூடியற்ற சாக்கடைக் குழி இருப்பதே பேரச்சம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இரயிலும் பேருந்தும் நின்றன. மிதிவண்டியும் பல தெருக்களில் உருட்டிச் செல்லவே பயன்பட்டது. ஆகவே எந்நாளும் மிதிவண்டியே என்று நாம் வாதிடவில்லை. பெருமழை நாளில் வண்டியை நிலையத்தில் விட்டு இரயிலேறுவதே அறிவுடைமை. அவ்வாறு விட்டுச்செல்ல நம்பத்தக்க இடம் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

அரசுகள் அறியாமல் இல்லை. சென்னை மாநகராட்சி 2014இல் ஏற்றுக்கொண்ட கொள்கையொன்று, போக்குவரத்துக்கான செலவில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்போருக்கும் மிதிவண்டியோருக்கும் ஒதுக்குமாறு கூறியது. ஏட்டில் எழுதியது இனிது. சாலையில் அதனைத் தேடிக் காண்பது அரிது.

அரசைச் சொல்லி நாம் தப்பிவிடலாகாது. 2001-02ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கெனத் தொடங்கிப் பின்னர் மற்ற மாணவ மாணவியர்க்கும் விரிந்த விலையில்லா மிதிவண்டித் திட்டத்தால், பதினோராம் வகுப்பிலேயே நம் இல்லங்கள் பலவற்றிற்கு மிதிவண்டி வந்துவிட்டது. கல்லூரியில் சேர்ந்ததும் அது மொட்டை மாடிக்குப் போய்விடுகிறது. காரணம் தொலைவா? பல நேரங்களில் இல்லை, நாணமே. "எல்லாரும் பைக்கில் வருகிறார்கள், அத்தா" என்று மகன் முகம் வாடுகிறான். தந்தை தவணைக்கு மோட்டார் வண்டி எடுக்கிறார். வட்டி விலக்கப்பட்டது என்று வாழ்நாளெல்லாம் ஒதுங்கியிருந்த மனிதர், மகனின் நாணத்திற்காக அதில் கையொப்பமிடும் காட்சியை நம் சமுதாயப் பெரியோர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அத்தவணை முடியுமுன் மகன் எலும்பு முறிந்து படுத்த வீடுகளும் உண்டு.

இன்னொன்றையும் கூறத் துணிகிறோம். பாதையில் கிடக்கும் இடையூற்றை நீக்குவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாகப் பெருமானார் (ஸல்) அவர்கள் எண்ணிக் காட்டியதை நாம் மேடைதோறும் பேசுகிறோம். ஜும்ஆ நாளில் பள்ளிவாசல் தெருவிலோ நம் மகிழுந்துகளும் மோட்டார் வண்டிகளும் இருபுறமும் அடைத்து நிற்க, மிதிவண்டிக்காரர் இறங்கி வண்டியைத் தோளுக்குத் தூக்கிக்கொண்டு கடக்கிறார். அவரும் தொழ வருபவரே. அல்லது அத்தெருவில் வாழும் பிற சமயத்துச் சகோதரர்.

கல்லூரிகளிலும் இதே வரிசைமுறைதான். ஆசிரியர் மகிழுந்துக்குத் தகரக் கூரை, மாணவர் மோட்டார் வண்டிக்குச் சிமெண்டுத் தளம், மிதிவண்டிக்கு வேப்பமரத்தடி. அம்மழை நாளில் வகுப்பு முடிந்து நாம் சென்று பார்த்தபோது, மரத்தடியில் பதினேழு மிதிவண்டிகள் நனைந்து நின்றன. இருக்கைகளின்மேல் பிளாஸ்டிக் பைகள் கட்டப்பட்டிருந்தன. எதிரிலிருந்த தகரக் கூரையின் கீழ் மூன்று மகிழுந்துகளுக்கான இடம் காலியாகக் கிடந்தது. மறுநாள் நம் மகிழுந்தை வெளியே நிறுத்திவிட்டு, நிருவாகத்தினருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினோம். செயலாளர் அவர்கள் படித்துச் சிரித்துவிட்டு, "அடுத்த மழைக்குள் பார்ப்போம்" என்றார்கள். அந்த மழை இன்னும் வரவில்லை.