மாத்திரை மட்டும் போதுமா?



சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கத்து நண்பர்கள் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "என்ன சார், கண்ணுக்குக் கீழே இப்படி வீங்கியிருக்கு?" ஒருவரிடம், "நேற்றுதான் ஊரிலிருந்து வந்தேன், ரயிலில் தூக்கமில்லை" என்றேன். இன்னொருவரிடம், "கொஞ்சம் சர்க்கரை" என்றேன். இரண்டும் பொய்.

எனக்கு ரத்தப் புற்றுநோய். 2014-ஆம் ஆண்டு அலுவலகத்தில் வழக்கமாகச் செய்யும் மருத்துவப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் தாறுமாறாக ஏறியிருந்ததில் தொடங்கியது. கண்ணடி வீக்கம் நான் தினமும் சாப்பிடும் மாத்திரையின் பக்க விளைவு. எங்கள் வீட்டு நாலு சுவருக்குள் இருந்த இந்தச் செய்தியை இன்று எழுதுவது அனுதாபம் தேடி அல்ல. நான் மறைத்ததால் இன்னொருவருக்கு நேர்ந்த நஷ்டத்தைச் சொல்லவும், அது மறுபடி நேராமல் நம் சங்கம் என்ன செய்யலாம் என்று கேட்கவும்தான்.

முதலில் நோயைப் பற்றிச் சில வார்த்தைகள். இதற்குச் சி.எம்.எல். என்று பெயர். லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவர் அல்லது இருவருக்கு வரும் அரிய நோய். நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் உள்ள குரோமோசோம்களில் ஒன்பதாவதும் இருபத்திரண்டாவதும், எலும்பு மஜ்ஜையில் உள்ள ஒரு செல்லில் மட்டும், தங்கள் துண்டுகளை இடம் மாற்றிக்கொள்கின்றன. அதனால் உண்டாகும் புதிய புரதம், 'பெருகு, பெருகு' என்று வெள்ளை அணுக்களுக்கு ஓயாமல் கட்டளையிடுகிறது. குட்டையான அந்தக் குரோமோசோமை 1960-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நோவல், ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர் கண்டார்கள். அது இடம் மாறிய துண்டு என்பதை 1973-இல் கண்டு சொன்னவர் ஜேனட் ரௌலி என்ற பெண்மணி. ஒன்பதும் இருபத்திரண்டும் சம்பந்தப்பட்டதால்தான் ஒன்பதாம் மாதம் 22-ஆம் தேதியை உலகெங்கும் இந்த நோயாளிகள் தங்கள் தினமாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இது தொற்றுநோய் அல்ல. பரம்பரையாக வருவதும் அல்ல. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகாது. இதைத் தனியாக அழுத்திச் சொல்வதன் காரணம் பின்னால் புரியும்.

முன்பெல்லாம் இந்த நோய் வந்தவர்கள் சில ஆண்டுகளே இருப்பார்கள். பொருத்தமான உடன்பிறப்பு இருந்தால் மஜ்ஜை மாற்று சிகிச்சை, இல்லாவிட்டால் விதி. 2001-இல் இமாடினிப் என்ற மாத்திரை வந்தது. அந்தக் கட்டளை போடும் புரதத்தை மட்டும் வாயடைக்கும் மருந்து அது. 2000-இல் 1,106 நோயாளிகளைக் கொண்டு தொடங்கிய பெரிய ஆய்வில், இந்த மாத்திரையில் தொடங்கியவர்களில் நூற்றுக்கு எண்பத்து மூன்று பேர் பத்து ஆண்டுகள் கழித்தும் உயிரோடிருந்தார்கள். அவர்களைப் போன்ற ஒருவன்தான் இதை எழுதுகிறேன்.

இந்த மாத்திரை நம் நாட்டு ஏழை எளியவர்களுக்குக் கிடைத்த கதையில் சென்னைக்கும் மும்பைக்கும் பங்கு உண்டு. கம்பெனி மருந்து அப்போது மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். இங்கேயே தயாரான அதே மருந்து பத்தாயிரத்துக்குள். கம்பெனி கேட்ட காப்புரிமையை 2006-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. எதிர்த்து நின்றவர்களில் நம் மும்பையிலுள்ள புற்றுநோயாளர் உதவிச் சங்கமும் ஒன்று. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் கண்டு, கடைசியில் 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. அதே கம்பெனி, 2002 முதல் வசதியில்லாத நோயாளிகள் பலருக்கு இலவசமாகவும் மருந்து கொடுத்தது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும்.

ஆக மருந்து இருக்கிறது, விலையும் இறங்கிவிட்டது. பிறகு என்ன குறை?

அதற்கு அந்தப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனைக்குப் போவேன். விடியற்காலையில் போய் வரிசையில் உட்கார வேண்டும். அங்கே தமிழ்ப் பேச்சு காதில் விழுந்தால் செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொள்வேன். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். "யாருக்கும் தெரிய வேண்டாங்க" என்று என் மனைவி கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது அப்போதும் காதில் இருந்தது.

ஒரு நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவனுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். என் கையில் இருந்த தமிழ்ப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி நம்ம ஊரா?" என்றான். கோவில்பட்டிப் பக்கம். தாராவியில் அறை எடுத்து, இட்லி அவித்து, காலையில் சைக்கிளில் விற்பவன். கையில் இருந்த ரிப்போர்ட்டை நீட்டி, "இதுல என்ன போட்டிருக்குன்னு சொல்லுங்க. அவங்க இந்தியில வேகமா சொல்லுதாங்க, பாதிதான் புரியுது" என்றான். பார்த்தேன். என் நோய்தான். அணுக்கள் சரியான அளவுக்கு இறங்கியிருந்தன. "எல்லாம் நார்மல்" என்றேன். அவன் முகம் மலர்ந்தது. என் பெயரைக் கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டேன்.

அவன் கேட்டது ஒரு கேள்வி. கேட்கத் தெரியாத இன்னொரு கேள்வியும் இருந்தது. "நார்மல் என்றால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?" கூடாது என்று சொல்ல எனக்கு அரை நிமிஷம் போதும். ஆனால் அதைச் சொன்னால், 'உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்பான். அதற்குப் பயந்துதான் எழுந்தேன்.

எட்டு மாதம் கழித்து அவன் அண்ணனை அதே வராந்தாவில் பார்த்தேன். "குணமாயிட்டுன்னு சொன்னாங்க, மாத்திரையை விட்டுட்டான்" என்றார். நோய் தீவிர நிலைக்குப் போயிருந்தது. அந்த நிலையில் பழைய மாத்திரை எடுபடுவது கடினம். இரண்டு மாதத்தில் போய்விட்டான்.

லண்டனில் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் 87 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2010-இல் வெளிவந்தது. மாத்திரை டப்பாவின் மூடிக்குள் மின்னணுக் கருவி வைத்து, எத்தனை முறை திறக்கிறார்கள் என்று எண்ணினார்கள். பத்தில் ஒன்றுக்கு மேல், அதாவது மாதத்தில் மூன்று நாளுக்கு மேல், தவறவிட்டவர்களில் பெரும்பாலோருக்கு நோய் போதிய அளவு அடங்கவில்லை. சில நோயாளிகள் பல ஆண்டு ஆழ்ந்த கட்டுப்பாட்டுக்குப் பின் மாத்திரையை நிறுத்திப் பார்ப்பதும் உண்டு. ஆனால் அது டாக்டர் சொல்லி, நுட்பமான பரிசோதனையை அடிக்கடி செய்துகொண்டே நிறுத்துவது. அப்போதும் பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது. நாமாக நிறுத்துவது வேறு, அது வேறு.

ஆகவே இந்த நோய்க்கு மாத்திரை பாதி வைத்தியம். விளங்கும் மொழியில் சொல்ல ஒரு மனிதர் மீதிப் பாதி. வெளிநாட்டில் மகனை இந்த நோய்க்குப் பறிகொடுத்த ஒரு குடும்பம், 1997-இல் மேக்ஸ் அறக்கட்டளை என்று அந்தப் பையன் பெயரிலேயே தொடங்கியது. அதன் இந்தியக் கிளையாக 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் மேக்ஸ்' என்ற நோயாளிகள் குழு இருக்கிறது. பழைய நோயாளி புதிய நோயாளிக்குச் சொல்கிறார். வீட்டுக்கு நாலு பேரைத் தேநீருக்கு அழைத்து, அதில் சேரும் பணத்தை மருந்துக்குக் கொடுக்கும் வழக்கத்தையும் வைத்திருக்கிறார்கள். நான் தயங்கித் தயங்கி ஒரு கூட்டத்துக்குப் போனேன். எனக்கு முன்பே பதினைந்து வருஷமாக மாத்திரை சாப்பிடும் அம்மாள் ஒருவர், வயிறு நிறையச் சாப்பிட்டுப் பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்கினால் குமட்டாது என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் நாலு வருஷம் அவதிப்பட்டிருக்கிறேன்.

நம் சங்கத்தார் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன்.

முதலாவது, மருத்துவமனைத் துணை. ஓய்வு பெற்றவர்கள் நம்மிடம் நிறைய இருக்கிறோம். மராத்தியும் இந்தியும் தெரிந்த பத்துப் பேர் வாரத்தில் ஒரு காலை கொடுத்தால் போதும். டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்லி, 'எப்போது நிறுத்தலாம்' என்பது போன்ற கேட்க மறந்த கேள்வியையும் கேட்டுவிட்டு வரலாம்.

இரண்டாவது, தெரிந்த சலுகையை எல்லோருக்கும் சொல்வது. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணமே இல்லை. உடன் போகிறவருக்கு நாலில் மூன்று பங்கு தள்ளுபடி. மருத்துவமனைச் சான்றிதழ் ஒன்று போதும். ஊருக்கும் இங்குமாக அலையும் நம் குடும்பங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மூன்றாவது, ரத்தமும் ஸ்டெம் செல்லும். மாத்திரைக்கு அடங்காத ரத்தப் புற்றுநோய்கள் பல உண்டு. அவற்றுக்கு மாற்று சிகிச்சை வேண்டும். உடன்பிறந்தவர் பொருந்துவதற்கு நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு. வெளியே தேடினால் பெரும்பாலும் ஒரே இனத்தாரிடம்தான் பொருத்தம் கிடைக்கும். சென்னையில் 2009-இல் தொடங்கிய தாத்ரி போன்ற பதிவேடுகளில் பெயர் கொடுக்கக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்துக் கொடுத்தால் போதும். நம் ஆண்டு விழாவில் அதற்கு ஒரு மேஜை போடக்கூடாதா?

'சங்கம் இலக்கியத்துக்கும் கலைக்கும்தானே, ஆஸ்பத்திரி வேலை எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். மொழி தெரியாமல் தாதரில் வந்து இறங்கியவனுக்கு நம் முன்னோர் முதலில் செய்தது பட்டிமன்றம் அல்ல. தங்க இடம் காட்டியதும் மனு எழுதிக் கொடுத்ததும்தான். இதுவும் அதே வேலை.

'நோயைப் பறைசாற்ற வேண்டுமா?' என்பது இன்னொரு கேள்வி. வேண்டியதில்லை. சொல்வதும் சொல்லாததும் நோயாளியின் விருப்பம். ஆனால் சொன்னால் பெண்ணுக்கு வரன் வராது என்ற பயத்தை உண்டாக்கி வைத்திருப்பவர்கள் நாம். என் மகள் கல்யாணத்தையும் மறைத்தே முடித்தோம். பிறகு ஒரு நாள் மருமகன் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டார். "மாமா, என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். நோய் அவருக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை. மறைத்ததுதான் புண்படுத்தியது.

வியாழக்கிழமை காலைகளில் நான் துணைக்குப் போகத் தயார். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். மீதி ஒன்பது பேர் யார் என்று சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.