பனிமலையில் 2 நாள் காவல் நின்ற நாய்... செல்ல நாயோட ட்ரெக்கிங் போறது சரியா?

2024 பிப்ரவரி. இமாச்சலப் பிரதேசத்தின் பீர் பில்லிங் பகுதியில் மலையேறப் போன இளைஞரும் இளம்பெண்ணும் திரும்பி வரவில்லை. தேடிப் போன மீட்புக் குழுவுக்கு வழிகாட்டியது நாய் குரைக்கும் சத்தம். அந்தத் திசையில் போய்ப் பார்த்தால் இருவரின் உடல்கள். பக்கத்திலேயே, அவர்களோடு போன ஜெர்மன் ஷெப்பர்ட். சுமார் 48 மணி நேரம் அது அங்கிருந்து நகரவில்லை.

நாயின் விசுவாசம் நாடு முழுக்க வைரலானது. ஆனால் பில்லிங் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் இடம். குளிர்காலத்தில் திடீரெனப் பனி கொட்டும், பாதை வழுக்கும். அந்த இருவரும் நாயை நம்பித்தான் போனார்கள் என்று சொல்ல முடியாது. பொதுவாகவே "கூட நாய் இருக்கே, என்ன பயம்?" என்ற தைரியம் பலரிடம் இருக்கிறது.

நாய் மோப்பம் பிடிக்கும், குரைக்கும், காவல் காக்கும். "வானிலை சரியில்ல, திரும்பிடலாம்"னு மட்டும் சொல்லாது. பாதம் கிழிந்திருந்தாலும், விரலிடுக்கில் பனி உறைந்து வலித்தாலும் எஜமானர் நடந்தால் அதுவும் நடக்கும். பின்தங்குவது, நொண்டுவது, அடிக்கடி பாதத்தை நக்குவது எல்லாம் 'முடியல' என்பதற்கான அடையாளங்கள். அதைக் கவனிச்சு திரும்ப வேண்டியது மனுஷன்தான்.

சிறுத்தை வராதா?

வரும். நாய் அதற்குப் பிடித்த இரைகளில் ஒன்று. இமாச்சல் ஆட்டிடையர்கள் தங்கள் காவல் நாய்களின் கழுத்தில் முள் வைத்த இரும்புப் பட்டை மாட்டுவது இதனால்தான். சிறுத்தை முதலில் கழுத்தைத்தான் கவ்வும். மலையிலேயே பிறந்து வளர்ந்த நாய்க்கே அந்தப் பாதுகாப்பு என்றால், நகரத்து அபார்ட்மெண்ட் நாயை ராத்திரி கூடாரத்துக்கு வெளியே கட்டிப்போடுவது எவ்வளவு ஆபத்து?

ஆபத்து நாய்க்கு மட்டும் இல்லை. 2018 செப்டம்பரில் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன. பலவற்றில் கண்டறியப்பட்டது, நாய்களிடம் பரவலாகக் காணப்படும் டிஸ்டெம்பர் வைரஸ். தடுப்பூசி போடாத ஒரு நாய், ஒரு காட்டுக்கே நோயைக் கொண்டுபோகலாம்.

சட்டம் என்ன சொல்லுது?

1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் நுழைய மனிதர்களுக்கே அனுமதி வேண்டும். தேசியப் பூங்காக்களில் செல்லப்பிராணிகளுக்குப் பொதுவாக இடமில்லை. மற்ற மலைப்பாதைகளில் இடத்துக்கு இடம் விதி மாறும் என்பதால், கிளம்பும் முன் உள்ளூர் வனத்துறையிடம் கேட்டுவிடுவது நல்லது.

அனுமதி கிடைத்தால், ரேபிஸ், டிஸ்டெம்பர் தடுப்பூசிகள் கட்டாயம். கயிற்றை அவிழ்க்கவே கூடாது. ராத்திரி நாய் கூடாரத்துக்குள்தான். ட்ரெக்கிங் பையில் தவறாமல் இருக்கும் உலர் திராட்சையும் சாக்லேட்டும் நாய்க்கு விஷம். பாசத்தில் ஒரு வாய் கொடுத்துடாதீங்க.

இன்னொரு விஷயம். இமயமலைப் பாதைகளில் ஊர் நாய்கள் தானாகவே கூட வரும். பிஸ்கட் போட்டு உச்சி வரை அழைத்துப்போய்விட்டு வேறு பக்கமாக இறங்கினால், பழக்கமில்லாத இடத்தில் அது தனியாக மாட்டிக்கொள்ளும். பிஸ்கட்டை அடிவாரத்திலேயே எடுக்காமல் இருந்தால், பாதி நாய்கள் ஊரோடு நின்றுவிடும்.