பசிக்கலைங்க!

கார் வாங்கிய கணவர்களில் இரண்டு வகை உண்டு. வண்டி மேல் ஒரு கீறல் விழுந்தால் மூன்று நாள் சோறு இறங்காதவர் முதல் வகை. சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு எத்தனை மணி நேரத்தில் போனேன் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லித் திரிகிறவர் இரண்டாவது வகை. முதல் வகையால் ஊருக்கு ஆபத்தில்லை. இரண்டாவது ஆசாமிக்கு வாழ்க்கைப்பட்ட பெண்ணைப் பற்றித்தான் இந்த வாரம் கவலைப்படப் போகிறோம்.

"ஒன்பதே மணி நேரம் சார்! நடுவுல ஒரே ஒரு ஸ்டாப். அதுவும் டீசலுக்கு!"

"சாப்பாடு?"

"ஒய்ஃப் புளிசாதம் கட்டிட்டாங்க. ஓட்டிக்கிட்டே முடிச்சாச்சு!"

அறுநூறு கிலோமீட்டர் போகிற லாரி டிரைவர்கூட வழியில் இறங்கி, கை கால் கழுவி, பெஞ்சில் உட்கார்ந்து மனுஷனாகச் சாப்பிடுகிறார். நம் ஆள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி புளிசாதம் முழுங்குகிறார். அதைக் கிளறுவதற்கு அந்த அம்மாள் மூணு மணிக்கு எழுந்திருக்கிறார். இவருக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலமே லீவு ஆரம்பித்துவிட்டது. அவருக்கு எப்போது ஆரம்பித்தது? ஆரம்பிக்கவே இல்லை.

ஜோடியாகக் காரில் நெடுந்தூரம் போவதில் மலை, அருவி, கோபுரமெல்லாம் இரண்டாம் பட்சம். முதல் சுகம், வழியில் வருகிற ஓட்டல். ஏதோ சாப்பாட்டு ராமன் பேசுகிறான் என்று நினைக்காதீர்கள். இதில் ஒரு கணக்கு இருக்கிறது.

வீட்டில் நாம் தோசை சாப்பிடுகிற அழகை நினைத்துப் பாருங்கள். முதல் தோசை உங்களுக்கு. இரண்டாவது உங்கள் அப்பாவுக்கு. மூன்றாவது மறுபடி உங்களுக்கு. "இன்னொண்ணு வைக்கட்டுமா?" என்று அடுப்படியிலிருந்து குரல் மட்டும் வரும். நீங்கள் கை கழுவி, ஷூ மாட்டிக்கொண்டிருக்கும்போது, பாத்திரத்தில் ஒட்டின மாவை வழித்து ஊற்றி, நின்றுகொண்டே பிய்த்துப் போட்டுக்கொண்டு அவரும் ஆபீஸுக்கு ஓடுவார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், எதிரெதிரே உட்கார்ந்து, சூடாக தோசை சாப்பிட்ட நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். விரல் மிச்சமும் இருக்கும்.

ஓட்டலில் அது நடக்கிறது. யாரோ ஊற்றுகிறார், யாரோ கொண்டு வருகிறார், யாரோ இலையை எடுக்கிறார். "இன்னொண்ணு வைக்கட்டுமா?" என்று அவரைப் பார்த்து ஒருத்தர் கேட்கிறார்! அந்த ஒரு கேள்விக்காகவே வண்டியை ஓரம் கட்டலாம்.

எங்கே ஓரம் கட்டுவது என்பதுதான் விஷயம். நான்கு வழிச் சாலை வந்தது. கூடவே ஊருக்கு ஒரு பைபாஸும் வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக இட்லி அவித்துக்கொண்டிருந்த கடை ஊருக்குள்ளேயே தங்கிவிட்டது. பைபாஸில் முளைத்தவை வேறு ஜாதி. கண்ணாடிக் கதவு, உள்ளே பிளாஸ்டிக் செடி, கையில் டெலிபோன் டைரக்டரி மாதிரி ஒரு மெனு. அதில் பனீர் பட்டர் மசாலாவும் உண்டு, ஷெஸ்வான் நூடுல்ஸும் உண்டு. சீனாக்காரர் யாரும் உளுந்தூர்பேட்டையில் இறங்கி நூடுல்ஸ் கேட்டதாகத் தகவல் இல்லை.

எனவே விதி ஒன்று: பைபாஸிலிருந்து பிரிந்து ஊருக்குள் போகிற பழைய ரோட்டில் வண்டியைத் திருப்புங்கள். கூடுதலாக ஆவது கால் மணி நேரம். எந்தக் கடை என்று தெரியாவிட்டால் ஆட்டோ ஸ்டாண்டில் கேட்கலாம். "நல்ல ஓட்டல் எது?" என்று கேட்கக் கூடாது, உங்கள் காரைப் பார்த்துவிட்டு ஏ.சி. ஓட்டலாகக் காட்டிவிடுவார். "அண்ணே, நீங்க எங்க சாப்பிடுவீங்க?" என்று கேளுங்கள். சரியான விலாசம் வரும்.

விதி இரண்டு கொஞ்சம் கூச்சமான விஷயம். ஆனால் இதைச் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

காலையில் காபி வாங்கித் தருகிறேன் என்கிறீர்கள். "வேண்டாங்க" என்கிறார். பத்து மணிக்கு மோர்? "வேண்டாம்." மத்தியானம் நிறுத்தினால் "பசிக்கலைங்க, நீங்க சாப்பிடுங்க." தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமலே மடியில் கிடக்கிறது. உடனே நீங்கள் முடிவு கட்டிவிடுகிறீர்கள்: இவளுக்கு வெளிச் சாப்பாடே பிடிக்காது, இவளுக்கு ரசனை போதாது, இவள் இன்னும் அம்மா வீட்டை நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அதெல்லாம் இல்லை சார். சாப்பிட்டால் தண்ணீர் குடிக்க வேண்டும். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். நாலு வழிச் சாலைக்காக அத்தனை புளியமரத்தை வெட்டின பிறகும் நமக்கு ஒரு மரம் கிடைத்துவிடுகிறது. அவர் எங்கே போவார்? தாழ்ப்பாள் இல்லாத கதவும், தண்ணீர் வராத குழாயும் கிலோமீட்டர் கணக்கில் அவர் மனசில் ஓடிக்கொண்டிருக்கின்றன. "பசிக்கலைங்க" என்பதற்குத் தமிழில் அதுதான் அர்த்தம். இப்படிப் பொழுதுக்கும் தண்ணீர் குடிக்காமல் அடக்கி வைத்துக்கொண்டால் சிறுநீர்த் தொற்று வரும் என்று எந்த டாக்டரும் சொல்வார். ஊர் போய்ச் சேர்ந்ததும் தலைவலி, எரிச்சல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளுதல் இவற்றில் பாதிக்குக் காரணம் உங்கள் மாமியார் அல்ல, வழியில் இருந்த தாழ்ப்பாள்.

ஆகவே ஓட்டலில் இறங்கியதும் மெனு கேட்பதற்கு முன்னால் கல்லாவில் இருப்பவரிடம் போய், "லேடீஸ் பாத்ரூம் சுத்தமா இருக்குங்களா, தண்ணி வருதா?" என்று நீங்கள் கேளுங்கள். அவரைக் கேட்க விடாதீர்கள். இல்லை என்றால் அடுத்த கடை. அல்லது முதலில் ஒரு நல்ல பெட்ரோல் பங்க், பிறகு ஊருக்குள் இட்லிக் கடை. இந்த ஒரு ஏற்பாட்டைச் செய்துவிட்டு மத்தியானம் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பசிக்காத அதே பெண், "இன்னொரு வடை சொல்லுங்க" என்பார்.

விதி மூன்று: எந்த ஊரில் எது, எப்போது என்று தெரிந்துகொண்டு கிளம்ப வேண்டும். திருச்சி, திண்டுக்கல், மதுரை வழியாக நெல்லை போகிற ரோட்டைப் போலச் சாப்பாட்டுக்கென்றே போட்ட ரோடு வேறு கிடையாது. இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

விடியற்காலை சென்னையை விட்டால் விழுப்புரம் பக்கம் பொங்கல், வடை. நடுவில் "கும்பகோணம் டிகிரி காபி" என்று எக்கச்சக்கமான போர்டுகள் வரும். கும்பகோணம் இந்த ரோட்டிலேயே இல்லை என்ற பூகோளத்தை மறந்துவிட்டு, பித்தளை டபரா சூட்டுக்காக ஒரு முறை குடிக்கலாம். திருச்சி தாண்டி மணப்பாறை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய முறுக்கு. ருசிக்குக் காரணம் கேட்டால் ஊர்க்காரர்கள் தண்ணீரைக் கையைக் காட்டுவார்கள். இரண்டு பாக்கெட் வாங்குங்கள். ஒன்று திண்டுக்கல் வருவதற்குள் காலியாகிவிடும்.

திண்டுக்கல்லில் மத்தியானம் சீரகச் சம்பா பிரியாணி. நேரம் கழித்துப் போனால் அண்டாவின் அடிதான் கிடைக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை: கிளம்பும் தேதியை முடிவு செய்யும் முன் வீட்டுக் காலண்டரைப் பாருங்கள். வெள்ளி, செவ்வாய், அமாவாசை, கிருத்திகை, அப்புறம் புரட்டாசி முழுக்க. தேதி தப்பினால் நீங்கள் பிரியாணி சாப்பிடுவதை எதிரே ஒருவர் தயிர் சாதத்தோடு பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பிரியாணி இறங்காது.

சாயங்காலம் மதுரையில் ஜிகர்தண்டா. பால், கடல்பாசி, நன்னாரி, மேலே ஐஸ்க்ரீம். ராத்திரி அங்கேயே தங்கல். மதுரையில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் தோசைக்கல்லுக்கே உற்சாகம் வருகிறது. கறி தோசை ஒன்று சொல்லி இரண்டு பேரும் பிய்த்துக்கொள்ளுங்கள். ஊர் முழுக்க முழித்திருப்பதால், பத்து மணிக்கு மேல் மனைவியோடு தெருவில் நடந்து போய்ச் சாப்பிடுகிற அனுபவம் கிடைக்கும். நம்மில் பலருக்குச் சொந்த ஊரில் அது கிடைப்பதில்லை.

மறுநாள் மிச்சமிருப்பது சுமார் 160 கிலோமீட்டர்தான். அவசரமில்லை. விருதுநகரில் எண்ணெயில் பொரித்த பரோட்டா. மொறுமொறுவென்று நொறுக்கி, சால்னாவை ஊற்றி ஊற வைத்துச் சாப்பிட வேண்டும். அடுத்து சாத்தூர் சேவு. அதற்கடுத்து கோவில்பட்டிக் கடலை மிட்டாய். கரிசல் மண் கடலையும் வெல்லமும் சேர்ந்து 2020-ல் புவிசார் குறியீடு வாங்கின சரக்கு. சாயங்காலம் நெல்லையப்பர் கோயில் வாசலில் போய் நின்றால், எதிரே சாயங்காலம் மட்டுமே திறக்கிற இருட்டுக்கடை. கோதுமைப் பால், சர்க்கரை, நெய் மூன்றும் இலையில் நடுங்கிக்கொண்டு உங்கள் கைக்கு வரும்.

விதி நான்கு: ஆர்டர் அவர் கொடுக்கட்டும். சர்வர் வந்து நின்று, "இட்லி வடை பொங்கல் பூரி ரவா ஆனியன்ரவா பொடிரோஸ்ட் நெய்ரோஸ்ட்" என்று ஒரே மூச்சில் ஒப்பித்து முடித்ததும், "ரெண்டு பேருக்கும் ரெண்டு ரெண்டு இட்லி" என்று முந்திக்கொண்டு கூவுகிற வழக்கத்தை விடுங்கள். வருஷம் முழுக்க இன்றைக்கு என்ன சமைக்க என்று உங்களுக்காக யோசித்தவர். இரண்டு நாள் தனக்காக யோசிக்கட்டும். யோசிக்க நேரம் எடுப்பார். பழக்கமில்லை அல்லவா? காத்திருங்கள். பின்னால் யாரும் ஹாரன் அடிக்கப் போவதில்லை.

விதி ஐந்து: செல்போனை வண்டியிலேயே வையுங்கள். முன்பெல்லாம் சாப்பாடு வந்தால் சாமிக்கு ஒரு பருக்கை எடுத்து வைப்பார்கள். இப்போது எல்லாரும் போட்டோ எடுத்து வைக்கிறார்கள். நாலு கோணத்தில் எடுத்து முடிப்பதற்குள் நெய் ரோஸ்ட் சவ சவ என்று ஆகிவிடுகிறது. கடைசியில் சூட்டை இழந்ததுதான் மிச்சம். வீட்டில் ஆறின தோசை சாப்பிட இத்தனை டோல்கேட் தாண்ட வேண்டாமே!

விதி ஆறு, மிக முக்கியம்: சாம்பாரை வாயில் வைத்ததும், "எங்க அம்மா வைக்கிற மாதிரியே இருக்கு" என்று சொல்லாதீர்கள். "நீ ஏன் இப்படி வைக்க மாட்டேங்கறே?" என்று கேட்கவே கேட்காதீர்கள். கேட்டால் மிச்ச கிலோமீட்டருக்குப் பாட்டுப் பெட்டி மட்டும்தான் பேசும். அவராகவே, "இதுல என்னமோ போட்டிருக்காங்க, என்னவா இருக்கும்?" என்று ஆரம்பிப்பார். கசகசாவா, பொட்டுக்கடலையா என்று அடுத்த ஊர் வரை விவாதம் நடக்கும். வீட்டுக் கடன், ஆபீஸ் அரசியல், மாமனார் பிரஷர் எதுவும் இல்லாமல் இரண்டு பேர் ஒரு மணி நேரம் பேசியதாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். சட்னிக்கு நன்றி.

இத்தனையும் செய்தால் சென்னை - நெல்லை ஒன்பது மணி நேரத்தில் முடியாது. இரண்டு பகல், ஒரு ராத்திரி ஆகும். ஆபீஸில் ரெக்கார்டு பிரேக் என்று பீற்றிக்கொள்ள முடியாது. பரவாயில்லை. எத்தனையோ கணவர்கள் எத்தனையோ விதமாக மனைவிக்கு அல்வா கொடுத்திருக்கிறார்கள். வரிசையில் நின்று, காசு கொடுத்து, இலையில் வாங்கி, சூடாக நிஜ அல்வாவையே கொடுத்த ஆள் என்ற பெயர் உங்களுக்கு நிலைக்கும்.