அடையாளமற்ற தொழிலாளி என்னும் கற்பனை

சாதி, மொழி, பாலினம் ஆகியவற்றின் பெயரால் உரிமை கோரும் அடையாள அரசியல்தான் தொழிலாளரைப் பிரிக்கிறது என்றும், அவற்றை ஒதுக்கிவைத்துவிட்டுக் கூலியையும் வேலைநேரத்தையும் மட்டும் பேசினால் வர்க்க ஒற்றுமை, அதாவது ஒரே பொருளாதார நிலையில் உள்ளோர் தம் பொதுநலன் கருதி ஒன்றுசேர்வது, தானே கைகூடிவிடும் என்றும் ஒரு நம்பிக்கை இடதுசாரி மேடைகளைத் தாண்டித் தேநீர்க் கடைகள் வரை பரவியிருக்கிறது. அது நல்லெண்ணத்தில் பிறந்த நம்பிக்கை என்பதில் ஐயமில்லை. ஆனால் சாதியோ மொழியோ பாலோ தீண்டாத ஒரு தொழிலாளி முதலில் இருந்தார், அரசியல்வாதிகள் பின்னால் வந்து அவருக்கு அடையாளத்தைப் பூசிவிட்டனர் என்று அது கருதிக்கொள்வதில்தான் பிழை தொடங்குகிறது. அத்தகைய தொழிலாளி பெங்களூரின் பீன்யாவில் இல்லை.

1970களில் உருவாகி, ஆசியாவின் பெரிய தொழிற்பேட்டைகளுள் ஒன்றாக வளர்ந்த பீன்யாவில் லேத் பட்டறைகளும் முலாம்பூச்சுக் கூடங்களும் கார்மெண்ட்ஸ் என்று எல்லா மொழியினராலும் அழைக்கப்படும் ஆயத்த ஆடை ஆலைகளும் நெருங்கிக் கிடக்கின்றன. வடகர்நாடகத்தாரும் தமிழரும் தெலுங்கரும், அண்மைக் காலமாக ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலத்தாரும் அங்கே வேலை செய்கின்றனர். மேற்கண்ட நம்பிக்கைக்கு இவ்விடத்தின் 2016-ஆம் ஆண்டு கைக்கு எளிய சான்றாகத் தோன்றும். அவ்வாண்டு ஏப்ரல் 18, 19 ஆகிய நாள்களில் பெங்களூரின் கார்மெண்ட்ஸ் தொழிலாளர், எந்தச் சங்கமும் அழைக்காமலே, ஓசூர் சாலையில் தொடங்கித் தும்கூர் சாலை வரை மறித்து நின்று, வருங்கால வைப்பு நிதி தொடர்பான ஒரு விதியை ஒன்றிய அரசு இரண்டே நாளில் திரும்பப் பெறும்படி செய்தனர். செப்டம்பர் 12-ஆம் தேதி, காவிரி நீரைத் திறந்துவிடச் சொன்ன உச்ச நீதிமன்ற ஆணையை ஒட்டி அதே நகரத்தில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்தன. பீன்யாவை அடுத்த ஹெக்கனஹள்ளியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்தார். பீன்யா உட்பட 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. ஏப்ரலில் வர்க்கம் வென்றது, செப்டம்பரில் அடையாளம் அதைக் கெடுத்தது என்று சொல்லிவிடுவது வசதியானது.

ஏப்ரலைக் கூர்ந்து பார்த்தால் அந்த வசதி நிலைக்காது. வருங்கால வைப்பு நிதி, பேச்சுவழக்கில் பி.எஃப்., தொழிலாளியும் முதலாளியும் மாதந்தோறும் செலுத்தும் சேமிப்பு ஆகும். வேலையை விட்டவர் முதலாளியின் பங்கை 58 வயதுக்கு முன் எடுக்க முடியாது என்று 2016 பிப்ரவரியில் விதி மாற்றப்பட்டது. ஓய்வுபெறும் வரை ஒரே நிறுவனத்தில் இருக்கக்கூடிய நிரந்தரத் தொழிலாளியை இம்மாற்றம் பெரிதாகத் தொட்டிருக்காது. கார்மெண்ட்ஸ் தொழிலாளரில் பெரும்பான்மையினரான பெண்களோ மணத்தாலும் மகப்பேற்றாலும் உற்பத்தி இலக்கின் நெருக்கடியாலும் நடுவயதுக்கு முன்பே தையல் எந்திரத்தை விட்டு விலகுபவர்கள். மகளின் படிப்புக்கும் கடன் அடைப்பதற்கும் அவர்கள் நம்பியிருக்கும் சேமிப்பு பி.எஃப். ஒன்றே. ஆகவே அன்று சாலைக்கு வந்தது பாலற்ற ஒரு பொருளாதாரக் கோரிக்கை என்று எழுதுவது, அதை எழுப்பியவர்களையே அதிலிருந்து நீக்கிவிடுவதாகும். பெண்ணாக வாழ்ந்த வாழ்க்கையே அங்கு வர்க்கக் கோரிக்கைக்கு உருக்கொடுத்தது.

இது பீன்யாவுக்கு மட்டும் உரிய செய்தியன்று. மும்பைப் பஞ்சாலைகளில் தறியின் நாடாவில் நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டியிருந்ததால், தீட்டுக் கருதிய சாதி இந்து நெசவாளர்கள் தலித்துகளை அதிகக் கூலி தரும் நெசவுப் பிரிவுக்குள் விடவில்லை. 1928-ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இத்தடையை நீக்கக் கோரியது ஒற்றுமையைக் கெடுக்கும் செயலாகப் பலருக்குத் தோன்றியது. ஆனால் எந்த ஒற்றுமை? ஆலை முதலாளி விதிக்காத ஒரு தடையை உடன் உழைப்பவரே விதித்திருந்த இடத்தில், கூலியின் ஏற்றத்தாழ்வு சாதியின் ஏற்றத்தாழ்வாகவே இருந்தது. அதைப் பேசாதிருப்பதுதான் ஒற்றுமை என்றால், அவ்வொற்றுமையின் செலவு முழுவதும் கீழே நிற்பவர் தலையில் விழுகிறது. 1921-ஆம் ஆண்டின் சென்னைப் பெரம்பூர் பஞ்சாலை வேலைநிறுத்தம் சாதி இந்துக்கள், ஆதிதிராவிடர்கள் என இரண்டாகப் பிளந்து புளியந்தோப்புக் கலவரத்துக்கு இட்டுச்சென்றதையும் இந்தக் கண்ணோடு மறுபடி படிக்க வேண்டும்.

2016 செப்டம்பருக்கும் விளக்கம் தேவை; அதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். பெங்களூரின் பொதுத்துறைத் தொழிலாளர்கள் 1980 டிசம்பரில் தொடங்கி 77 நாள் நடத்திய வேலைநிறுத்தம் பெரிய பலனின்றி முடிந்தது. 1982-இல், பள்ளிகளில் கன்னடத்துக்கு முதலிடம் கோரிய கோகாக் போராட்டம் நடிகர் ராஜ்குமாரின் தலைமையில் நகரை ஆட்கொண்டது. முன்னது பின்னதற்குக் காரணம் என்று இவ்வரிசையை மட்டும் கொண்டு தீர்ப்பளிக்க முடியாது. எனினும், நகரின் வலுவான தொழிற்சங்கங்கள் பெருமளவு பொதுத்துறை ஆலைகளின் மதில்களுக்குள்ளேயே இருந்தன என்பதும், பீன்யாவின் சிறு பட்டறைகளும் கார்மெண்ட்ஸும் பெரும்பாலும் சங்கமின்றியே வளர்ந்தன என்பதும் கவனிக்கத்தக்கவை. சங்கம் எட்டிப்பார்க்காத தெருவுக்கு மொழி அமைப்பின் கொடி வந்து சேர்ந்தது. காவிரிப் பிரச்சினையை ஒட்டிய 1991 டிசம்பர்க் கலவரத்தில் தமிழ்க் கூலித் தொழிலாளர் குடிசைகள் தாக்கப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் ஊர்விட்டு ஓடிய பிறகும் தொழிலாளிக்கு மொழி கிடையாது என்று அவர்களிடம் சொல்வது ஆறுதலாகக்கூட இராது. யாருடைய வீடு தமிழ் வீடு என்பதைத் தாக்க வந்தவர்கள் அறிந்தே வந்தனர்.

தொழிலாளிக்கு மொழி உண்டு என்று சொல்வதால், உள்ளூராருக்கே வேலை என்னும் மண்ணின் மைந்தர் முழக்கத்துக்கு நற்சான்று கொடுத்ததாகாது. 2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்த மசோதா, தனியார் நிறுவனங்களின் மேலாண்மைப் பணிகளில் 50 விழுக்காட்டையும் ஏனையவற்றில் 70 விழுக்காட்டையும் உள்ளூராருக்கு ஒதுக்கியது. மாநிலத்தில் பிறந்து, 15 ஆண்டு குடியிருந்து, கன்னடம் அறிந்தவரே உள்ளூரார் என்பதால், தர்மபுரியில் பிறந்து முப்பது ஆண்டு பீன்யாவில் லேத் ஓட்டிக் கன்னடமும் கற்றவர் வெளியூராராகவே நின்றிருப்பார். வேலை யாருக்கு என்று சொன்ன மசோதா, அந்த வேலையின் கூலியையோ ஒப்பந்த முறையையோ தொடவில்லை. ஓரிரு நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது. நிறுத்தியது முதலாளிகள் அமைப்புகளின் எதிர்ப்பு.

இதற்கு மாறான வழி, அதே நகரத்தின் துப்புரவுத் தொழிலாளர்களான பௌரகார்மிகர்களிடம் காணக் கிடைக்கிறது. பெரும்பாலும் பட்டியல் சாதிப் பெண்களான இவர்களது சங்கம், ஒப்பந்த முறையைச் சாதிக் கொடுமையின் தொடர்ச்சி என்று வெளிப்படையாகச் சொல்லியே பணி நிரந்தரம் கேட்டது. 2022 ஜூலை வேலைநிறுத்தத்துக்குப் பிறகு 11 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை நிரந்தரமாக்க அரசு இசைந்தது. சாதியைப் பேசியதால் அச்சங்கம் உடைந்துவிடவில்லை.

இன்று ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அழைத்துவரப்படும் இளம்பெண்கள் பெங்களூர் கார்மெண்ட்ஸ் விடுதிகளில் வெளியே செல்லும் நேரம்கூடப் பிறர் கணக்கில் வாழ்கின்றனர். சூப்பர்வைசரின் கன்னட வசவு அவர்களுக்குப் பொருளால் அன்றி ஓசையால் புரிகிறது. மொழியும் பாலும் தொழிலாளரைக் கட்டுப்படுத்த எவ்வளவு பயன்படும் என்பதை நிர்வாகம் நன்கறிந்திருக்கிறது. அந்த அறிவு சங்கத்துக்கு மட்டும் வேண்டாம் என்பவர், அப்பெண்களிடம் ஒற்றுமையைப் பற்றி எந்த மொழியில் பேசப்போகிறார் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.