கலையும் விளையாட்டும் விசாவாகும் போது

வெளிநாட்டவர் ஒருவர் இன்னொரு நாட்டில் நீண்டகாலம் தங்க வேண்டுமாயின் அங்கு அவருக்குத் தொழில் இருக்க வேண்டும், அல்லது பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்க வேண்டும், அதுவுமில்லையேல் அந்நாட்டுப் பிரஜை ஒருவரை மணம் முடித்திருக்க வேண்டும் என்பதே பொதுவான வழமையாக இருந்து வந்துள்ளது. 2024 ஜூலை 15 ஆம் திகதி தாய்லாந்து நடைமுறைக்குக் கொண்டுவந்த 'டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா' இவ்வழமையிலிருந்து விலகியது. முவே தாய் எனப்படும் தாய்லாந்துக் குத்துச்சண்டையைக் கற்கவோ, அந்நாட்டுச் சமையலைப் பயிலவோ, விளையாட்டுப் பயிற்சி பெறவோ, கலை, இசை நிகழ்வுகளில் பங்குபற்றவோ வருபவர்களும் இந்த விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். விசா ஐந்தாண்டுகளுக்குச் செல்லுபடியாகும். ஒவ்வொரு தடவை நாட்டுக்குள் பிரவேசிக்கும் போதும் 180 நாட்கள் வரை தங்கலாம். வாழ்க்கைத் துணையையும் 20 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்வதற்கும் வழியுண்டு.

கேட்பதற்குக் கவர்ச்சியான ஏற்பாடுதான். ஆனால் தாய்லாந்து அரசாங்கம் திடீரெனக் கலை மீது காதல் கொண்டு இதனைச் செய்துவிடவில்லை. 2019 இல் ஏறத்தாழ நான்கு கோடி உல்லாசப் பயணிகளை வரவேற்ற நாடு அது. கொவிட் தொற்று அந்த வருமானத்தை ஒரே வீச்சில் பறித்துக்கொண்டது. வருபவர் ஒரு வாரத்தில் திரும்பாமல் அரையாண்டு தங்கி, வாடகையும் உணவும் பயிற்சிக் கட்டணமும் செலுத்தினால் உள்ளூர்ப் பொருளாதாரத்துக்கு நன்மை என்பது அன்றைய பிரதமர் ஸ்ரேத்தா தவிசின் அரசாங்கத்தின் கணக்கு. மேலும், மொழிப் பாடசாலைகளிலும் குத்துச்சண்டைக் கூடங்களிலும் பெயரைப் பதிந்து, மாணவர் விசாவில் ஆண்டுக்கணக்கில் தங்கும் வழக்கம் அங்கு நெடுங்காலமாகவே இருந்தது. வகுப்புக்குச் செல்லாமலே சான்றிதழ் பெற்றவர்களும் அவர்களுள் அடங்குவர். மறைவாக நடந்துவந்த ஒன்றுக்கு இப்போது நேர்வழி ஒன்று திறக்கப்பட்டுள்ளது என்றே நாம் இதனைப் பார்க்கின்றோம்.

ஆயினும் அந்த நேர்வழியின் வாயிலில் கேட்கப்படுவது என்ன? பயிற்சி நிலையத்தின் அனுமதிக் கடிதம் ஒன்று. அதனுடன் வங்கிக் கணக்கில் 5 இலட்சம் பாத் இருப்பதற்கான அத்தாட்சி. எமது நாணயத்தில் அது 45 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட தொகை. விசாக் கட்டணமாக 10,000 பாத் அளவில் தனியாகச் செலுத்த வேண்டும். கடிதத்தைப் பெறுவது அவ்வளவு கடினமன்று. வடிகட்டுவது வங்கிக் கூற்றுத்தான். திறமையுள்ள ஏழை இளைஞனுக்கு இங்கு இடமில்லை. ஒருபோதும் கையுறை அணிந்திராத செல்வந்தருக்கு இடமுண்டு.

அதே தாய்லாந்தை எம்மவர்கள் வேறொரு முகத்துடனும் கண்டுள்ளனர். அகதிகள் தொடர்பான 1951 ஆம் ஆண்டுச் சமவாயத்தில் கைச்சாத்திடாத நாடு அது. யுத்தத்திலிருந்து தப்பி பாங்கொக் சென்ற தமிழ்க் குடும்பங்கள், ஐ.நா. அகதிகள் உயர்ஸ்தானிகராலயத்தின் பத்திரத்தைக் கையில் வைத்திருந்தும் சட்டவிரோதக் குடியேறிகளாகவே கருதப்பட்டன. 2010 ஒக்டோபரில் நூற்றுக்கும் அதிகமானோர் அங்கு கைதுசெய்யப்பட்டனர். அதற்கு இரு மாதங்கள் முன்னர் 492 பேருடன் கனடாவின் மேற்குக் கரையை அடைந்த 'சன் சீ' கப்பல் புறப்பட்டதும் தாய்லாந்திலிருந்தே. உயிருக்கு அஞ்சி வந்தவருக்கு இல்லாத இடம், சமையல் பழக வந்தவருக்கு உண்டு. விசாச் சட்டங்களில் இது தாய்லாந்துக்கு மட்டும் உரிய முரண்பாடன்று.

மேற்கு நாடுகளைப் பொறுத்தவரை, விளையாட்டின் பெயரால் விசா கோரும் இலங்கையர் மீது படிந்துள்ள சந்தேகத்துக்கு எமது தரப்பிலும் காரணமுண்டு. 2004 செப்டெம்பரில் ஜேர்மனியின் பவேரியா மாநிலத்துக்குச் சென்ற 23 பேர் கொண்ட இலங்கை 'தேசிய ஹேண்ட்போல் அணி' சில ஆட்டங்களில் படுதோல்வியடைந்த பின் மாயமாக மறைந்தது. அப்படியொரு தேசிய அணி இலங்கையில் இருக்கவேயில்லை என்பது பின்னரே தெரியவந்தது. இச்சம்பவம் திரைப்படமாகவும் வந்து உலகம் சிரித்தது. 2022 இல் பேர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டு விழாவுக்குச் சென்ற எமது குழுவில் பத்துப் பேர் காணாமற்போனதாக அதிகாரிகள் தெரிவித்தனர். நாட்டில் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்ற ஆண்டு அது. ஓடியவர்களைக் குற்றஞ்சாட்டுவது இலகு; ஆனால் தேசிய வீரர் ஒருவர் பதக்கத்தை விடத் தலைமறைவு வாழ்வைத் தெரிவு செய்யும் நிலை ஏன் வந்தது என்பதற்கு விளையாட்டு அமைச்சுக்களில் மாறிமாறி அமர்ந்தவர்களே பதிலளிக்க வேண்டும். இதன் விலையைச் செலுத்துவோர் பின்னால் வரும் உண்மையான வீரர்களும் கலைஞர்களுமே. திரும்பிச் செல்லும் நோக்கம் ஐயத்துக்குரியது என்ற ஒரு வரியுடன் ஐரோப்பியத் தூதரகம் ஒரு கூத்துக் குழுவினரின் விண்ணப்பத்தை நிராகரித்துவிடலாம். அந்த ஐயத்தை வங்கிக் கூற்றால் மட்டும் நீக்க முடிவதில்லை. தாய்லாந்தாவது விலையை வெளிப்படையாகச் சொல்கின்றது.

எமது வாசகர்கள் அவதானிக்க வேண்டிய விடயம் வேறொன்று. இந்த விசா தாய்லாந்தில் தொழில் புரியும் உரிமையைத் தருவதில்லை. வெளிநாட்டு நிறுவனத்துக்கு இணையவழியாக வேலை செய்பவர் அங்கிருந்து அதனைத் தொடரலாம். ஆனால் உள்ளூர் உணவகத்தில் பணியாற்றவோ கடை நடத்தவோ வேறு விசாவும் தொழில் அனுமதிப்பத்திரமும் அவசியம். பேருவளையிலிருந்து மாணிக்க வியாபாரத்துக்காக பாங்கொக்கும் சந்தபுரியும் சென்றுவரும் வர்த்தகர்களுக்கும் இது பொருந்தும். ஓராண்டில் 180 நாட்கள் அல்லது அதற்கு மேல் தங்கினால் தாய்லாந்தின் வரிச் சட்டத்துக்கு உட்பட வேண்டியும் ஏற்படும்.

தாய்லாந்தில் நல்ல சம்பளத்தில் வேலை என்று நம்பிச் சென்ற எமது இளைஞர்கள் எல்லை கடத்தப்பட்டு, மியன்மாரின் மியாவாடி பகுதியிலுள்ள இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டதை நாம் அறிவோம். 2024 இலும் 2025 இலும் அவர்களுள் பலர் மீட்கப்பட்டனர். 'சமையல் வகுப்பு விசா எடுத்துத் தருகின்றோம், போன பின் வேலை பார்த்துக்கொள்ளலாம்' என்று எந்த முகவராவது கூறினால், அவர் விற்பது இந்த விசா அல்ல. விண்ணப்பத்தைத் தாய்லாந்து அரசாங்கத்தின் இணையத்தளத்தில் எவரும் நேரடியாகச் சமர்ப்பிக்கலாம். நிராகரிக்கப்பட்டால் கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது. கடன் வாங்கிய பணத்தைச் சில நாட்களுக்குக் கணக்கில் வைத்துக் காட்டி விண்ணப்பிக்க எண்ணுவோர் இதனைக் கருத்திற்கொள்வது நன்று.